பதினோராம் பெட்டியைக் கடைசியாக அழைத்தேன்

1

போன சனிக்கிழமை ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து தலையில் பாதிச் சாயத்தோடு தெருவுக்கு ஓடிவந்தேன். நாற்பத்தாறு வயதுப் பெண், கழுத்தில் கறுப்பு பிளாஸ்டிக் போர்வை, காதோரம் வழியும் சாயம். ட்ராமுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இங்கே ஜெர்மனியில் யாரும் யாரையும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று ஊரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று பார்த்தார்கள்.

கடைக்காரப் பெண்மணி துண்டோடு பின்னாலேயே வந்தாள். "எரிகிறதா? ஒவ்வாமையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என்ன என்று சொல்ல ஜெர்மன் வரவில்லை. பதினெட்டு வருடமாக இந்த மொழியில்தான் பிழைக்கிறேன். ஆனால் பயம் வந்தால் இந்த மொழி என்னிடமிருந்து முதலில் கழன்றுகொள்ளும்.

சாயத்தில் இருந்த அம்மோனியாவின் நெடிதான் காரணம். தூரிகை நெற்றிக்கு அருகில் வந்ததும் மூக்கில் ஏறியது. உடனே கண்ணுக்குள் ஒரு மதியம் விரிந்துவிட்டது. அண்ணனூரில் ஒரு குழந்தைகள் காப்பகம், பாயில் படுத்திருக்கும் பதின்மூன்று குழந்தைகள், என் கைப்பேசியில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு.

அந்த மதியத்துக்கு இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அண்ணனூர்க்காரர்களுக்கு அது தெரிந்த கதை. இங்கே நான் இருந்த பக்கத்தின் கதை தெரியாது. அதை எழுதிவிடுகிறேன்.

2

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா அங்கே ஃபிட்டர். பக்கத்து வீட்டில் தர்மபுரிக்காரர்கள், எதிர் வீட்டில் தஞ்சாவூர்க்காரர்கள். ஆளுக்கொரு தமிழ் பேசியதால் எனக்கென்று தனியாக ஒரு தமிழ் அமையவில்லை. மதராஸ் பாஷையை என் பள்ளித்தோழி வசந்தாவிடம் கற்றுக்கொண்டேன். அவள் அண்ணனூரிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டுக் கீழ்த்தளத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

நான் படித்துப் படித்து இங்கே வந்து சேர்ந்தது காற்றை ஆராயும் ஒரு வேலையில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திட்டம் கிடைத்தது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை இருபத்திரண்டு மொட்டைமாடிகளில், கைப்பெட்டி அளவில் உணர்கருவிப் பெட்டிகள் வைத்தோம். ஒவ்வொரு பெட்டியும் நிமிடத்துக்கு ஒருமுறை காற்றில் உள்ள தூசு, புகை, சில வாயுக்களின் அளவை அனுப்பும். அது உடனுக்குடன் என் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்து சேரும். நிகழ்நேரத் தரவு என்பது இதுதான்.

வந்து குவியும் எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கேதான் கொத்துப் பகுப்பாய்வு வருகிறது. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாமலே ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கம், பெண்ணின் காலேஜ் தோழிகள் ஒரு பக்கம், சித்தப்பா வீட்டு ஆட்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மாடியிலிருந்து பார்ப்பவருக்கு ஒருவர் பெயரும் தெரியாது. ஆனாலும் எத்தனை கூட்டம், யார் எதில் என்று சொல்லிவிடலாம். கணினி எங்கள் எண்களை அப்படித்தான் பார்க்கிறது. ஒன்றுபோல இருப்பவற்றைச் சேர்த்து உட்கார வைக்கும். பெயர் வைப்பது எங்கள் வேலை. பூந்தமல்லியில் மெட்ரோவுக்குத் தோண்டும் தூசு ஒரு கொத்து. டிரங்க் ரோட்டு டீசல் ஒரு கொத்து. காலையில் குப்பை எரிப்பது ஒரு கொத்து. எதிலும் சேராதவை ஒன்றாகத் திரண்டால் கணினி அதைச் சாம்பல் நிறத்தில் காட்டி என் கைப்பேசியில் ஒரு மணி அடிக்கும்.

முதல் வருடம் ஒருமுறை அப்படி மணி அடித்தது. ஒரே ஒரு பெட்டி, ஏகப்பட்ட அம்மோனியா. நான் பதறிப்போய் அந்த வீட்டுக்காரரை அழைத்தேன். அவர் தெருவையே எழுப்பிவிட்டார், கடைகளை மூடினார்கள், ஒரு அம்மா படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால் வீட்டுக்காரரின் மருமகன் பெட்டிக்கு அடியிலேயே கோழிக்கூண்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு என்னை அழைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது. சரிபார்க்காத முடிவுகளைப் பெட்டி வைத்திருப்பவர்களிடம் நேரடியாகச் சொல்லக்கூடாது. முதலில் துறைத்தலைவர், பிறகு சென்னையில் எங்களோடு வேலை செய்யும் கல்லூரிப் பேராசிரியர் நேரில் பார்த்து உறுதி செய்தபின்தான் எதுவும். மீறினால் திட்டம் நிற்கும். திட்டம் நின்றால் என் ஒப்பந்தம் நிற்கும். ஒப்பந்தம் நின்றால் நானும் என் மகளும் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி நிற்கும். ஒன்றை உருவினால் எல்லாம் சரியும்.

3

வேலை மாறும்போதெல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் அந்த அனுமதியைப் புதுப்பிக்கத்தான் அன்று காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் யாழினி, பதின்மூன்று வயது. பள்ளிக்கு விடுப்பு சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன். அலுவலக ஜெர்மனில் ஒரு வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். அதற்குள் எனக்கு முதல் பாதி மறந்துவிடும். அவளுக்கு மறக்காது. அவள் கனவு காண்பதே அந்த மொழியில்தான்.

எங்கள் சீட்டு எண் நூற்று நாற்பத்தெட்டு. பலகையில் நூற்று நாற்பத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மணி பத்துக்குப் பத்து நிமிடம். ஆவடியில் மதியம் ஒன்று இருபது. அப்போதுதான் மணி அடித்தது.

கைப்பேசியில் ஒரு சாம்பல் கொத்து. அதில் மூன்று பெட்டிகள். பதினொன்று, நான்கு, ஏழு. மூன்றும் அண்ணனூரில், ஒரே திசையில் வரிசையாக இருப்பவை. மேற்கே இருக்கும் பதினொன்று முதலில் ஏறியிருந்தது. இரண்டு நிமிடம் கழித்து நான்கு. ஏழு அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது.

கோழிக்கூண்டு என்றால் ஒரு பெட்டிதான் ஏறும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஏறினால் ஏதோ ஒன்று நடந்து வருகிறது என்று அர்த்தம். பதினொன்றுக்கும் மேற்கே, இரண்டு தெரு தள்ளி, அம்மோனியாவை வைத்து ஐஸ் போடும் ஒரு பழைய தொழிற்கூடம் இருப்பது எனக்குத் தெரியும்.

ஏழாம் பெட்டி வசந்தாவின் மாடியில் இருக்கிறது.

துறைத்தலைவரை அழைத்தேன், கூட்டத்தில் இருக்கிறார், செய்தி விடுங்கள் என்றது குரல். சென்னைப் பேராசிரியரை அழைத்தேன்; பரீட்சை ஹாலில் இருந்திருப்பார், முழுதாக மணி அடித்து ஓய்ந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு நூற்று ஒன்று அடித்தேன். ஜெர்மன் கைப்பேசிக்கு அந்த எண் ஒரு எண்ணே இல்லை. மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் ஒரு பெண் குரல் பொறுமையாக அதையே சொன்னது.

வசந்தாவின் பெயர் மேல் விரலை வைத்தபோது யாழினி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீ கையெழுத்துப் போட்டிருக்க. அது ஃபெர்போட்டன்."

ஃபெர்போட்டன் என்றால் கூடாதது, தடை. அவள் தமிழில் பேசிவரும்போது முக்கியமான சொல் வந்தால் மட்டும் ஜெர்மனுக்குத் தாவுவாள்.

"அங்க குழந்தைங்க தூங்குறாங்கடி."

"அது எரர்னா? போன தடவ மாதிரி? நம்மள அனுப்பிருவாங்கல்ல?"

அவள் கேட்டது எல்லாம் நியாயம். எனக்கும் அதே பயம்தான். விரல் அழுத்தாமல் அந்தப் பெயர் மேலேயே நின்றது. எத்தனை நேரம் என்று பிற்பாடு அழைப்புப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதற்குள் ஏழாம் பெட்டியின் கோடு நான்கின் கோட்டைப் பிடித்துவிட்டது.

4

"இன்னாடி சுமதி, இந்நேரத்துல? ஆபீசு இல்லியா?"

"வசந்தா, பசங்கள எழுப்பு. வெளிய கூட்டிட்டுப் போ. காத்துல கிஃப்ட் இருக்கு, கிஃப்ட் வருது."

"இன்னா கிஃப்டு? பார்சல் அனுப்பிக்கீறியா?"

ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். பயத்தில் என் வாயில் வந்தது அந்தச் சொல்தான். விஷம் என்ற தமிழ்ச் சொல், நாலு வயதில் கற்றுக்கொண்ட சொல், எங்கே போனதென்றே தெரியவில்லை. அம்மோனியா என்றேன். "இன்னா மோனியா?" என்றாள். பிறகுதான் சரியான வார்த்தை வந்தது.

"அங்க மூத்திர நாத்தம் அடிக்குதா?"



"ஆமாண்டி. கண்ணெல்லாம் எரியுது. எவனோ பாயில போய்ட்டான்னு ஒவ்வொரு பாயா தூக்கிப் பாத்துகினு கீறேன்."

அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. குளிர்ந்து வெளியேறும் அந்த வாயு முதலில் தரையோடுதான் படரும். குழந்தைகள் தரையில் படுத்திருந்தார்கள்.

"வசந்தா, அது வெளியேந்து வருது. ஐஸ் போடுற எடத்துலேந்துன்னு நினைக்கிறேன். துண்டை நனைச்சு எல்லார் மூஞ்சியிலயும் போடு. எத்தனை பேரு?"

"பதிமூணு. நானு, செல்விக்கா." செல்வி அக்கா அவளுக்கு உதவியாக இருக்கும் ஆயா. "எங்க போவட்டும்? எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் தயாராக இல்லை. தப்பாகச் சொன்னால் பதின்மூன்று குழந்தைகளையும் வாயுவின் பாதையிலேயே நடக்கவிடுவேன். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"எதிர் வீட்டு மாடியில துணி காயுதா பாரு. எந்தப் பக்கம் பறக்குது?"

"அம்பத்தூரு பக்கமா."

மேற்கிலிருந்து கிழக்கு. பெட்டிகள் சொன்னதும் அதுதான். ஆனால் நான் அந்த ஊரில் வளர்ந்தவள். வெயில் காலத்தில் இரண்டு மணி தாண்டினால் கடல்காற்று எங்கள் பக்கம் எட்டும். குவார்ட்டர்ஸ் கொடியில் மேலக்காற்றுக்கு ஒரு பக்கமாகப் படபடத்த அப்பாவின் காக்கிச் சட்டைகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே மறுபக்கம் திரும்பிவிடும். மணி ஒன்று இருபத்தெட்டு. எப்போது திரும்பும்? இன்னும் அரை மணியிலா, பத்து நிமிடத்திலா?

"அம்பத்தூர் பக்கமும் வேணாம், ஆவடி பக்கமும் வேணாம். குறுக்கால போ. ஸ்டேஷன் பக்கமா. தெருவ விட்டு எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம்."

"நெசமாத்தான் சொல்றியா? இதுங்கள வெய்யில்ல இசுத்துகினு போயி ஒண்ணும் இல்லன்னா, பெத்தவங்க என்னைத்தான் கிழிப்பாங்க."

"தெரியாது வசந்தா. பயமா இருக்கு. போயிடு."

பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள் போல. பக்கெட் தண்ணீர் சத்தம், தூக்கத்தில் எழுப்பிய குழந்தைகளின் அழுகை, செல்வி அக்காவின் இருமல். "அண்ணாத்தே! வண்டிய நிறுத்து! அய்யோ நிறுத்துன்றேன்ல!" என்று வசந்தா தெருவில் கத்துவது கேட்டது. ஷேர் ஆட்டோ போல. பிரேக் சத்தம். "மாமே, இன்னா நெடிடா இது" என்று ஒரு ஆண் குரல். "இத்த புடி, இத்தயும் புடி, மடியில வெச்சிக்கோ." எண்ணிக்கொண்டிருந்தாள். ஒம்போது, பத்து, பத்து, பத்து...

லைன் அறுந்தது.

அதே நேரத்தில் ஏழாம் பெட்டியும் நின்றது. கோடு உச்சியில் போய் அப்படியே முடிந்திருந்தது.

5

மறுபடி அழைத்தேன். இல்லை. மறுபடி. நான்கு முறை அழைத்தேன். பலகையில் எங்கள் எண் வந்தது. கதவைத் திறந்து ஒரு அதிகாரி எட்டிப் பார்த்து எண்ணைச் சொன்னார். யாழினி எழுந்து போனாள். அவள் பேசியது எனக்குக் கேட்டது. "என் அம்மாவின் தோழி இறந்துகொண்டிருக்கலாம். ஐந்து நிமிடம் தர முடியுமா?" என்று அந்தச் சுத்தமான ஜெர்மனில் கேட்டாள். அதிகாரி கெட்டவர் இல்லை. முகம் வாடிப்போய், ஆனால் எண்ணைத் தவறவிட்டால் வேறு தேதிதான் வாங்க வேண்டும் என்றார். விதி அது. யாழினி திரும்பி வந்து உட்கார்ந்தாள். பலகை நூற்று நாற்பத்தொன்பது என்றது.

அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது. அதுவரை கையில் ஒரு தற்காலிகக் காகிதம். அந்தக் கணத்தில் அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

பதினொன்றும் நான்கும் இன்னும் அனுப்பிக்கொண்டிருந்தன. அப்போதுதான், அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பதினோராம் பெட்டிக்கும் ஒரு வீடு உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

மறந்துபோனேன் என்று சொல்லலாமா? கொத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. ஒன்று மட்டும் எனக்கு முகமாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் எண்களாகவே இருந்தன.

நான்காம் பெட்டி ஒரு தையற்கடை மாடியில். கடைக்காரரை அழைத்தேன், சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். பதினோராம் பெட்டி தேவசகாயம் சார் வீட்டில். ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம், ஆஸ்துமாக்காரர். அழைத்தேன். முழுதாக அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

என் கைப்பேசியில் மணி அடித்து அப்போது பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

இருபத்துமூன்று நிமிடம் கழித்து ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஷேர் ஆட்டோக்காரரின் கைப்பேசி. என் எண் வசந்தாவுக்கு மனப்பாடம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"கீறோம்டி." இருமினாள். "பதிமூணும் கீது. ஒண்ணு கக்கூசுல போய் குந்திகினு இருந்துச்சு, செல்விக்கா திரும்பிப் போய்த் தூக்கிகினு வந்தா. என் போனு தண்ணி பக்கெட்ல வுய்ந்துச்சு. ஸ்டேஷனாண்ட கீறோம். தெருவே வந்துட்ச்சி, கரண்ட்ட நிறுத்திட்டாங்கோ. ஃபயர் வண்டி ஐஸ் போடுற எடத்துக்குப் போவுது."

நான் நாற்காலியிலிருந்து தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். சுற்றிலும் காத்திருந்தவர்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், நகர்ந்து இடம் விட்டார்கள்.

6

தேவசகாயம் சார் அந்த நேரம் மதியத் தூக்கத்தில் இருந்தார். மனைவி எஸ்தர் அம்மா ஆவடி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மூச்சு முட்டி எழுந்து, கண் தெரியாமல் தாழ்ப்பாளைத் தேடித் திறந்து, வாசற்படியில் விழுந்திருக்கிறார். தெருவில் ஓடியவர்களில் யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் மாடிப்படி ஏறுவது அத்தோடு போனது.

அவர் விழுந்த செய்தியை வசந்தா அன்றே சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று நான் அழுதபோது யாழினி வந்தாள். அவளிடம் பெட்டிகளின் வரிசையைச் சொன்னேன். படத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணுதானே முதல்ல ஏறிச்சு? பக்கத்துல இருந்ததும் அதுதானே? அவரை ஏன் முதல்ல கூப்பிடல?"

குற்றம் சாட்டவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு படி விடுபட்டிருந்தால் கேட்பதுபோலக் கேட்டாள். காப்பகத்தில் பதின்மூன்று பேர், அவர் ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் விரலை வைத்தபோது நான் எண்ணிப் பார்த்து வைக்கவில்லை. வசந்தா அந்த வீட்டில் தனியாக இருந்திருந்தாலும் அவளைத்தான் அழைத்திருப்பேன்.

"தெரியலடா," என்றேன். "வசந்தாவ எனக்குத் தெரியும்."

"அவரையும் தெரியுமே. நீதானே பெட்டி வச்ச?"

ஆமாம். நான்தான் வைத்தேன். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார். "இத இங்கன வச்சா எங்களுக்கு என்ன பிரயோசனம்மா?" என்று கேட்டார். "காத்து கெட்டுப்போச்சுன்னா உங்களுக்கு முதல்ல தெரியும் சார்," என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்வது எல்லாருக்கும் பிடிக்கும் என்பதால் இருபத்திரண்டு வீட்டிலும் சொன்ன வாக்கியம்.

அவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து அழைத்தேன். எஸ்தர் அம்மா கொடுத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"சார், எனக்கு அன்னிக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. உங்க பெட்டிதான் முதல்ல ஏறினது. நான் வேற ஒருத்தர முதல்ல கூப்பிட்டுட்டேன். உங்கள பதினேழு நிமிஷம் கழிச்சுத்தான் கூப்பிட்டேன்."



"என் நம்பர் ஒன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"ம்," என்றார். "சரிம்மா. வச்சிருதேன்."

வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

7

நெறிக்குழு கூடியது. ஐந்து பேர், நீள மேசை, தண்ணீர்ப் புட்டிகள். நான் கையெழுத்திட்ட தாளை என் முன்னால் வைத்தார்கள். மீறியது உண்மையா? உண்மை. உறுதி செய்தபின் அழைத்தீர்களா? இல்லை. பிழையாக இருந்திருந்தால்? பிழையாக இருந்திருந்தால் பதின்மூன்று குழந்தைகள் வெயிலில் நடந்திருப்பார்கள் என்றேன். அந்த வாக்கியத்தை இரண்டு நாள் மனப்பாடம் செய்து போயிருந்தேன், வினைச்சொல் சரியான இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக.

நாங்கள் திரும்ப வேண்டியிருக்கும் என்றே நினைத்தேன். அந்த வாரம் யாழினி தன் புத்தகங்களை இரண்டு பகுதியாக அடுக்கி வைத்திருந்தாள். எடுத்துப்போக ஒன்று, விட்டுப்போக ஒன்று. ஆவடி என்பது அவளுக்கு வெயிலும் கொசுவும் நிறைந்த, அம்மா போனில் கத்திப் பேசும் ஓர் இடம்.

எழுத்து மூலம் கண்டித்தார்கள். திட்டத்தை நிறுத்தவில்லை. இனிமேல் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று நானே எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

எழுதினேன். மூன்றே வரி. சாம்பல் கொத்தில் இரண்டு பெட்டிகளுக்கு மேல் சேர்ந்தால், அவற்றைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் கணினியே ஒரே நொடியில் அழைக்கும். எந்த மனிதரும் பெயர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பல முறை இது தவறாக அடிக்கும்; அதற்குச் சம்மதிப்பவர்கள் மட்டும் பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வரிக்குத்தான் குழு பயந்தது. எனக்கு இரண்டாவது வரிதான் பயம். அதில் நான் என்னைப் பற்றி எழுதியிருந்தேன்.

சென்னைப் பேராசிரியர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். நான்கு பேர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தேவசகாயம் சாரிடம் போய்வந்த அன்று மாலை பேராசிரியரிடமிருந்து ஒற்றை வரிச் செய்தி வந்தது: பதினொன்று கையெழுத்துப் போட்டுவிட்டது.

8

புதிய முறை தொடங்கி இரண்டாவது மாதம், ஒரு முன்பகலில் அது அடித்தது. பதினொன்றும் ஐந்தும் ஏழும் சாம்பல். இருபத்தாறு வீடுகளுக்கு ஒரே நொடியில் அழைப்பு போனது. நான் பல்கலைக்கழக உணவகத்தில் காலைக் காபி தட்டோடு நின்றிருந்தேன். தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. செய்வதற்கு எனக்கு எதுவும் இருக்கவில்லை, யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. 

கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வாயு கசிந்த அந்த மதியத்துக்குப் பிறகு ஐஸ் கூடம் மூடியேதான் கிடந்தது. அரை கிலோமீட்டருக்குள் ஒரு காலி மனையில் லாரியிலிருந்து மாட்டுக்கொட்டகைக் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள், யாரோ தோட்டம் போடுவதற்காக. ஆபத்து எதுவும் இல்லை.

வசந்தா முதலில் அழைத்துத் திட்டினாள். "இன்னாடி இது, சோறு ஊட்டிகினு இருந்தேன், எல்லாம் வாயில சோத்தோட ரோட்ல நிக்குதுங்க." பின்னாலிருந்து குழந்தைகள் கும்மாளம் போடும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு ஆட்டோ சவாரி கிடைத்திருந்தது.

அடுத்து வந்த எண்ணைப் பார்த்ததும் எடுக்கத் தயங்கினேன். அந்த மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

"சுமதிதான பேசுதது?"

"ஆமா சார்."

"நாங்க வெளிய வந்துட்டோம். அவளும் வந்துட்டா. பக்கத்து வீட்டு ஆட்களும் வந்தாச்சு." பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஸ்டேஷனில் ஏதோ ரயில் வருவதை அறிவிப்பது கேட்டது. அந்த நுரையீரலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். "இப்பம் சொல்லு. நெசமா, பொய்யா?"

"பொய் சார். மாட்டுச்சாணம். மன்னிச்சுக்கோங்க. உங்கள இவ்ளோ தூரம்..."

"எனக்கு எப்பம் அடிச்சுது?"

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல சார். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்ல."



"சரி," என்றார். "அடுத்த தடவையும் அடி. நாங்க எறங்கி வாரோம்."